மல்லாட்டைக்குப் பொன்னி வாய் திறவாத படலம்

வாழி பொன்னி! நாலா திக்கிலிருந்தும் இருப்புப்பாதைகள் ஓடிவந்து அடிபணியும் விழுப்புரம் என்னும் பெருநகரில், ரயில்வே கேட்டுக்கு மேற்கே, கூரைமேல் புடலங்கொடி படர்ந்த ஓட்டுவீட்டில் வீற்றிருப்பவளே! கீழ்வாயில் இரண்டே பற்கள் முளைத்திருக்க, அவ்விரண்டையே படையாகக் கொண்டு பாய், சீப்பு, செய்தித்தாள், தகப்பன் தோள்பட்டை என அகப்பட்ட யாவற்றையும் அடக்கி ஆள்பவளே! வற்றாத எச்சிலாற்றால் சட்டை என்னும் சமவெளியை நாள்தோறும் நனைப்பவளே! ஒருவரும் பிடிக்காமல் உட்காரக் கற்று, கற்ற செருக்கிலேயே பின்பக்கம் சாய்ந்து தலையணையில் விழுபவளே! உன் வீரத்தைப் பாட வந்தேன். உனக்கு வயது எட்டு மாதம்.

அடுத்து, வாழி மல்லாட்டை! மேலே மஞ்சளாய்ப் பூத்துவிட்டு, பூத்த சுவடே தெரியாமல் மண்ணுக்குள் போய் ஒளிந்து காய்க்கிற கள்ளத்தனம் வேறெந்தச் செடிக்கு உண்டு? பட்டணத்தார் உன்னை வேர்க்கடலை என்பார்கள்; திண்டிவனத்துச் செம்மண் காட்டில் நின்று அப்படிச் சொன்னால் ஆள் வெளியூர் என்று அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வறுத்தால் வீட்டுக்கு வாசம், அவித்தால் வாசலுக்கு வாசம், செக்கில் ஆட்டினால் தெருவுக்கே வாசம் என மும்முனைப் படை நடத்தும் பேராற்றலே, நீ ஒரு கைக்குழந்தையின் வாய்க்கோட்டை முன்னால் காலைப்பொழுதெல்லாம் காவல் கிடந்து கதவு திறக்காமல் திரும்பிய கதையை இங்கே சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஆவணி மாதம் அது. போர் என்றால் காரணம் வேண்டுமல்லவா? பொன்னியைப் பெற்ற தையல்நாயகி, திண்டிவனத்தை அடுத்த ஒரு மல்லாட்டைக் கிராமத்தில் பிறந்தவள். அவள் பிறந்த வீட்டில் மல்லாட்டை விளைந்தது, வாசலில் காய்ந்தது, மூட்டையாய்க் கட்டிலுக்கடியில் படுத்தது, சட்னியாயிற்று, உருண்டையாயிற்று, வந்துபோகிறவர் மடியில் ஒரு பிடியாயிற்று. பல் முளைத்த பிள்ளையின் நாக்கில் வறுத்தரைத்த மல்லாட்டையைத் தாய்மாமன் தன் விரலால் தடவிவிடுவதும், அந்த வருஷத்து ஐப்பசியிலேயே அவன் மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவதும் அவ்வீட்டு வழக்கம். தாய்மாமனாகிய சக்கரபாணியோ நெடிய தோளினன், அகன்ற மார்பினன், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையினன். தங்கைக்குப் பிள்ளை பிறந்த நாள்முதல் அந்த ஒரு விரலை மட்டும் தனியே கழுவித் துடைத்துப் பத்திரம் பண்ணிக்கொண்டிருந்தான். விரலும் வெகுநாளாய்க் காத்திருந்தது.

இந்தப் பக்கம் பொன்னியைப் பெற்ற வேங்கடேசன். ரயில்வே பார்சல் ஆபீசில் உத்தியோகம். மூட்டைகளுக்கு அஞ்சான், முறைக்கும் வியாபாரிகளுக்கு அஞ்சான், பாம்பு வந்தாலும் தடியெடுத்து நிற்பான். மல்லாட்டைக்கு மட்டும் தொடை நடுங்குவான். ஏனென்றால் அது அவன் உதட்டில் பட்டால் போதும், உதடு குழிப்பணியாரமாய் உப்பிவிடும். நிச்சயதார்த்தத்தன்று மாமியார் வீட்டார் மனம் கோணக்கூடாதென்று ஒரே ஒரு மல்லாட்டை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டான், பாவி மனிதன். சற்று நேரத்தில் மாப்பிள்ளை உதட்டைத் தூக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைத் திண்டிவனத்தார் கண்டார்கள். கண்டதும் கலங்கினார்கள். இது மாப்பிள்ளை முறுக்கு, கைக்கடிகாரம் போடாத கோபம் என்று தமக்குள் முடிவு கட்டி, அன்றைக்கே ஆள் அனுப்பி எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று வாங்கிவந்து அவன் மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். மாட்டிய கொஞ்ச நேரத்தில் உதடும் வடிந்துவிட்டதால் அவர்கள் எண்ணம் உறுதிப்பட்டது. உண்மை வெளிவந்தது கலியாணத்துக்கு அப்புறம், ஒரு மல்லாட்டைச் சட்னியோடு. கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

ஆகவே தையல்நாயகியின் நெஞ்சில் ஒரே ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்திருந்தது: பிள்ளை யாரைக் கொண்டிருக்கிறது? மூக்கு அப்பனைக் கொண்டிருந்தது. காது மாமனைக் கொண்டிருந்தது. உதடு? உதடும் அப்பனைக் கொண்டுவிட்டதென்றால், மல்லாட்டை பிடுங்கும் ஐப்பசியில், வாசலெல்லாம் காயும் தூசியுமாய்க் கிடக்கும் அந்த வீட்டுக்குப் பிள்ளையை எப்படித் தூக்கிப் போவாள்? அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது எப்படி? பிரசவம் முடிந்து பிள்ளையோடு விழுப்புரம் வந்தவள், இந்தப் பயத்தினாலேயே மறுபடி பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணனைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, ஆற்றாமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதை அலங்காரம் பண்ணிச் சொல்ல என்னால் ஆகாது.

அந்தப் பயத்திலே பிறந்ததுதான் மல்லாட்டை விலக்குப் பேராணை. டாக்டரிடம் கேட்கும்வரை ஒரு பருப்பும் உள்ளே வரக்கூடாது என்றாள். சட்னி நாடு கடத்தப்பட்டது. மல்லாட்டை எண்ணெய் சிம்மாசனம் இழக்க, நல்லெண்ணெய் முடிசூடியது. வேங்கடேசன் ஆபீசிலிருந்து கொண்டுவரும் பழைய பேப்பரில் எவனாவது மல்லாட்டைப் பொட்டலம் மடித்திருப்பானோ என்று அதையும் முகர்ந்து பார்த்தே உள்ளே விட்டாள். ஒரு தொலிகூட எல்லை தாண்டவில்லை என்று மார்தட்டிக்கொண்டாள். பாவம், அப்படித்தான் நம்பினாள்.

குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பனுக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாமல் போகவேண்டுமென்று கட்டாயமில்லை, பயந்து தள்ளிப்போட வேண்டாம், ஆனால் முறையோடு செய்யவேண்டும் என்று சொல்லியனுப்பினார். சளி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் காலை வேளையாக இருக்க வேண்டும். நன்றாய் வறுத்து, தோல் நீக்கி, குருணை ஒன்றுகூடத் தட்டாமல் வெண்ணெயாய் அரைத்து, வெந்நீர் விட்டுத் தளரக் கரைத்து, முதலில் விரல் நுனியளவு கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளை முகத்தையே பார்த்திருந்து, ஒன்றும் இல்லையென்றால் மேலும் கொஞ்சம் கொடுக்கலாம். கெட்டி உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், முழுப்பருப்பும் உடைத்த பருப்பும் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும், ஆகையால் பிள்ளை நன்றாய் மென்று தின்னும் வயசு வரும்வரை அவை கண்ணிலேயே படக்கூடாது. உதடு வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, வாந்தியோ இருமலோ கண்டாலோ அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். தையல்நாயகி இதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

நாள் குறித்தாயிற்று. திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில், தோளில் ஒரு மூட்டையோடு, புது வேட்டி சலசலக்க வந்திறங்கினான் சக்கரபாணி. மூட்டை வாசற்படியிலேயே தடுக்கப்பட்டு எதிர்வீட்டில் சிறை வைக்கப்பட, உள்ளங்கையளவு பருப்பு மட்டும் அனுமதி பெற்று உள்ளே போயிற்று. வெல்லம் சேர்த்து உருண்டையாய் உருட்டி ஒன்று, சும்மா ஒன்றே ஒன்று கொடுக்கலாமே என்று ஆசையாய்க் கேட்டுப் பார்த்தான். தங்கை பார்த்த பார்வையில் அந்த உருண்டை அவன் மனசுக்குள்ளேயே உடைந்துபோயிற்று. சரியென்று அம்மியின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, மலையைப் பொடிப்பவன் போலக் குழவியை உருட்டினான். உருட்டியதைத் தையல்நாயகி இருவிரலில் தேய்த்துப் பார்த்து, குருணை தட்டுகிறது என்று திருப்பியனுப்பினாள். மறுபடி உருட்டினான். மறுபடி குருணை. வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்க, அது விழுதில் சொட்டிவிடுமோ என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினான். கடைசியில் விழுது வழுவழுவென்று வந்தபோது அவனுக்குக் கை தூக்க வரவில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்படை எழுந்தது. வேங்கடேசனின் அக்காள் கெங்கம்மாள், கண்டாச்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டுக் கணவன் போனபிறகு தன் செவலைப் பசுவையும் ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். தம்பிக்கு மாட்டுக்கொட்டில் பக்கம் போனாலே தும்மல் பிடித்து ஆட்டும், மாட்டு முடி ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆகவே கொட்டில் முழுக்க அவள் ராஜ்ஜியம். பொன்னி விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் இடுப்பே சிங்காதனம். பொழுதுக்கும் பிள்ளையைச் சுமப்பவள் நான், பஸ்ஸில் வந்து இறங்கியவன் முதல் வாய் ஊட்டுவானா என்று அவளுக்கு ஆங்காரம். மாமனுக்கு வழக்கம் துணை, அத்தைக்கு இடுப்பு துணை. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மிக்கு இந்தப்பக்கம் ஒருவரும் அந்தப்பக்கம் ஒருவருமாக நின்றார்கள். விழுது நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது தையல்நாயகி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நடுவீட்டில் நின்று பிரகடனம் செய்தாள்.

"அண்ணி மடியில வெச்சிக்கினு புடிக்கட்டும். அண்ணன் ஊட்டட்டும். ரெண்டு பேருல யாரு சண்டை போட்டாலும் நானே ஊட்டிட்டுப் போறேன்."

உடன்படிக்கை ஏற்பட்டது. வாசலில், ஆபத்தென்றால் ஆஸ்பத்திரிக்குப் பறக்க, ரிக்‌ஷாக்காரர் சவுரிராயன் தம் மூன்று சக்கரத் தேரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, ஒரு கால் பெடலிலும் ஒரு கால் தரையிலுமாகக் காத்திருந்தார். வேங்கடேசன் லீவு போட்டுவிட்டு, விழுதிலிருந்து முடிந்தமட்டும் எட்டி நிலைப்படியில் நின்று, கைக்கடிகாரத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். பொன்னி கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

முதற்போர் விரற்போர். வெகுநாள் காத்த அந்த விரலை விழுதில் தோய்த்து, குலதெய்வத்தை நினைத்து, சக்கரபாணி முன்னேறினான். பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். மீசை ஒன்று வருகிறது, அதன் கீழே விரல் ஒன்று வருகிறது, சுற்றிலும் அத்தனை கண்களும் தன்மேல் நிற்கின்றன என்று கண்டாள். கண்டு, பிறந்தநாள்முதல் பாயையும் சீப்பையும் தடையின்றி வரவேற்ற அந்த வாயை, கிழக்குக்கோட்டைக் கதவும் மேற்குக்கோட்டைக் கதவும் ஒருங்கே அடைத்தாற்போல, இறுக மூடினாள். விரல் வலப்பக்கம் போனால் முகம் இடப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் போனால் அத்தையின் மாரில் புதைந்தது. விரல் தோற்றுத் திரும்பியது. சக்கரபாணி அதைத் துண்டில் துடைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

இரண்டாவது கரண்டிப்போர். பளபளப்பைக் கண்டு மயங்குவாள் என்று வெள்ளிக் கரண்டி வந்தது. மயங்கவில்லை. காக்கா காட்டினார்கள், ரயில் காட்டினார்கள், கடியாரத்தைக் கழற்றி ஆட்டினார்கள். எல்லாவற்றையும் மூடிய வாயோடு ரசித்தாள். வழிதெரியாமல் தையல்நாயகி பிள்ளைக்குச் சொல்லிக்காட்டும் பாவனையில் தன் வாயைத் திறந்து 'ஆ' என்றாள். கெங்கம்மாளும் 'ஆ' என்றாள். சக்கரபாணி மீசை பிளக்க 'ஆ' என்றான். வாசலிலிருந்து எட்டிப்பார்த்த சவுரிராயனும் தம்மை அறியாமல் 'ஆ' என்றார். நிலைப்படியில் நின்ற தகப்பன் எல்லோரையும் மிஞ்சி, பாசத்தின் வேகத்தில், கடைவாய்ப்பல் தெரிய 'ஆ' என்றான். விழுப்புரத்தில் அந்த வேளையில் அந்த வீட்டில் மூடியிருந்த வாய் ஒன்றே ஒன்று. அது உண்ணவேண்டிய வாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கூட்ஸ் வண்டி தண்டவாளம் அதிரப் போனது. பொன்னி உற்சாகத்தில் இரு கையையும் வீசினாள். வீசிய கை கரண்டியில் பட்டது. பட்ட கரண்டி மாமன் பிடியிலேயே வில்லாய் வளைந்து நிமிர, அதிலிருந்த விழுது கவண்கல்லாய்க் கிளம்பி, கூடத்தைக் கடந்து, தையல்நாயகியின் தோளைத் தாண்டி, காலண்டரை உரசி, எங்கும் நில்லாது, எதிலும் சிதறாது, நேரே நிலைப்படிக்குச் சென்று, 'ஆ' என்று திறந்திருந்த வேங்கடேசனின் வாய்க்குள் புகுந்தது. அவன் அதை விழுங்கியும் விட்டான்.

ஐயோ, அதற்குமேல் என்னத்தைச் சொல்ல! உதடு பணியாரமாயிற்று, பணியாரம் பன்னாயிற்று. கழுத்தெல்லாம் தடித்தது, இருமல் வந்தது. தையல்நாயகி ஒரு கணம்கூட நிற்கவில்லை. பிள்ளைக்காக மனப்பாடம் பண்ணிய உத்தரவுகளையெல்லாம் புருஷனுக்கு நிறைவேற்றி, அவனைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். சவுரிராயன் ஜல்தியாய்த் தேரைச் செலுத்திய வேகத்தில் மார்க்கெட் தெருவில் இரண்டு கோழிகள் கூரையேறின. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா பதறி ஓடிவந்து, கொழந்தை எங்கே என்று கேட்டார்.

"கொழந்த வூட்ல நல்லா கீதுங்க," என்றார் சவுரிராயன் மூச்சு வாங்கிக்கொண்டு. "இவருதாங்க துன்னுட்டாரு."

ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. தையல்நாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பனுக்கே இந்தப் பாடென்றால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, இனி திண்டிவனம் என்பது கனவுதான் என்று நினைத்து அழுதாள்.

இனி வீட்டைப் பார்ப்போம். வெறிச்சோடிய போர்க்களத்தில் தோற்ற தளபதியாய்ச் சக்கரபாணி தூணில் சாய்ந்திருந்தான். கெங்கம்மாளுக்குக் கவலை ஒருபக்கம் இருந்தாலும் மாடு கத்துகிறதே, என்ன செய்வாள்? பொன்னியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். மாட்டுக்கு ஊறவைத்திருந்த பக்கெட்டைக் கலக்கக் குனிந்தாள். குனிந்ததும், வெள்ளிக் கரண்டிக்குத் திறக்காதவள், குலவழக்கத்துக்குத் திறக்காதவள், ஊரே சேர்ந்து 'ஆ' சொல்லியும் திறக்காதவள், தானாகவே சரிந்து, பக்கெட்டுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, எடுத்து, ஐந்து விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் வைத்துச் சப்பினாள். வெகுநாள் பழக்கமுள்ளவர் செய்வதுபோல் நிதானமாகச் செய்தாள்.

பின்னாலேயே வந்திருந்த சக்கரபாணி இதைக் கண்டான். மல்லாட்டைக் குடியில் பிறந்த மூக்கு அவனுக்கு.

"அண்ணி," என்றான் மெதுவாக. "அந்த பக்கெட்டுல இன்னா ஊற வெச்சிருக்கீங்க?"

"புண்ணாக்கு, தம்பி."

"இன்னா புண்ணாக்கு?"

கெங்கம்மாள் சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது. அப்புறம் மாட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், "மல்லாட்டைப் புண்ணாக்கு," என்றாள். "கொழந்த உக்கார ஆரம்பிச்சதுலேந்து இப்டித்தான் நக்கிக்கினு கீது. மாட்டுத் தீனிதானேன்னு வுட்டுட்டேன்."

கேட்டீர்களா நியாயத்தை! இந்தச் சீமையில் மல்லாட்டை என்றால் மனுஷர் தின்பது, புண்ணாக்கு என்றால் மாடு தின்பது. செக்கு நடுவில் புகுந்து பாகம் பிரித்துவிட்ட பிறகு, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று யார் நினைக்கப்போகிறார்கள்? முன்வாசலில் தொலிக்கும் தூசிக்கும் காவல் போட்ட கோட்டையில், பின்வாசல் வழியாகப் பகைவன் கட்டி கட்டியாய் வந்து தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தான். மாட்டு முடி, மாட்டு முடி என்று எல்லோரும் பழிபோட்ட அந்தத் தும்மலுக்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. செவலைப் பசுவின்மேல் எத்தனை நாள் அபாண்டம்!

மாமனும் அத்தையும் பகை மறந்து, பிள்ளையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். உதட்டைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், காதுமடலுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள். ஒரு கொசுக்கடி தவிர வேறொன்றும் இல்லை.

உச்சிப்பொழுதில் உதடு பாதி வடிந்த புருஷனோடு திரும்பிய தையல்நாயகி சங்கதியைக் கேட்டாள். கேட்டதும், மாட்டு எச்சிலையா என் பிள்ளை நக்கியது என்று கெங்கம்மாளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, பிள்ளையின் உதட்டைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். மெல்லிய உதடு, எச்சில் வழியும் உதடு, ஒரு வீக்கமும் இல்லாத உதடு. அப்படியே கொட்டில் வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாமனைக் கொண்டிருக்கிறது, உதடு மாமனைக் கொண்டிருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார், பிறகு கடுகடுத்தார். அழுக்கும் பூஞ்சையும் பிடிக்கிற பக்கெட் பக்கம் பிள்ளை இனிப் போகவே கூடாது. இத்தனை நாள் தாங்கியிருக்கிறாள் என்பதால் சுத்தமாய் அரைத்த விழுதையே கேப்பைக் கஞ்சியில் தளரக் கரைத்து, விட்டுவிடாமல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுத்துவர வேண்டும். முழுப்பருப்பு விஷயத்தில் சொன்னது சொன்னதுதான். இன்னொன்றும் சொன்னார். ஊட்டி முடித்ததும் வாயையும் கையையும் நன்றாகக் கழுவிவிட்டபிறகே பிள்ளையை அப்பனிடம் கொடுக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை, வேங்கடேசன் ஆபீஸ் கிளம்பிப் போனபின், கொட்டிலுக்கு எதிரே பாய் விரிக்கப்பட்டது. கரண்டி இல்லை, 'ஆ' இல்லை. பொன்னி எதற்குப் பழகியவள் என்று அறிந்த கெங்கம்மாள், கழுவித் துடைத்த ஒரு சின்னக் கிண்ணத்தில் விழுது கரைத்த கஞ்சியை ஊற்றி, பிள்ளையின் கையையும் கழுவி, கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு மாட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்காததுபோல் எல்லோரும் பார்த்தார்கள். பொன்னி கிண்ணத்தில் கையை விட்டாள். சப்பினாள். அடைத்த கோட்டையின் கதவுகள் தாமே விரிந்தன. மாமன் ஊட்டவில்லை, அத்தை ஊட்டவில்லை. எந்த வழக்கத்துக்கும் கட்டுப்படாத வெற்றிவீராங்கனை தானே உண்டாள். ஊட்ட வந்த விரலை மடக்கிக்கொண்டு சக்கரபாணி குத்துக்காலிட்டுப் பார்த்திருந்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கஞ்சி வழியும் தன் கையை நீட்டி, மீசையை விலக்கி, மாமன் வாய்க்குள் திணித்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை விழுங்கினான்.

தையல்நாயகி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐப்பசில வர்றோம்ண்ணா. மல்லாட்டை புடுங்கும்போதே வர்றோம். ஒம் மடிலதான் காது குத்தணும்."

வாழி பொன்னி! வாழி அவள் இருபல் கோட்டை! இருப்புப்பாதைகள் கூடும் விழுப்புரமும், செம்மண் காடு சூழ்ந்த திண்டிவனமும், இடையே ஓடும் பஸ்ஸும் அதில் ஏறும் மூட்டையும் உள்ளளவும் அவள் புகழ் ஓங்குக! மாமன் மீசையும் அத்தை இடுப்பும் அவள் ஆட்சியில் நீடு நிலைபெறுக! தந்தையின் வாய் இனி எக்காலத்தும் மூடியே இருக்கக் கடவதாக! அண்டமெல்லாம் அதிர ஆரவாரித்து முடிந்த இம்மாபெரும் மல்லாட்டைப் போரின் பயனாக விளைந்தது யாதெனில், அன்று சாயங்காலத்திலிருந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டார்கள்.